அம்மா திட்டப் போன இடம்

என் மகள் தூக்கம் வருவதற்காகக் கைப்பேசியில் தண்ணீர் கொட்டும் ஓசையை வைத்துக்கொண்டு படுக்கிறாள். மன அமைதிக்காம். எனக்கோ அந்த ஓசை கேட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. யாரோ எங்கேயோ என்னைத் திட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நாட்களில், சனிக்கிழமை மாலைகளில் அம்மாவின் முந்தானையில் வறுத்த மீன் வாசனை வரும். வீட்டில் யாரும் மீன் வறுத்திருக்க மாட்டோம். எங்கே போனாய் என்றால், சும்மா காற்றாட என்பாள். பாலக்கரை வீட்டில் அப்போது தெளிவாக இருந்த ஒரே முகம் அவளுடையதுதான். அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை அப்பா அவனிடம் கேட்காமல் விற்றுவிட்டார், அவ்வளவுதான் விஷயம். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு என்று இருவரும் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவும் தள்ளச் சொல்வாள். நான் என் பங்குக்கு, வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். என் மூக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அறுபதை நெருங்கிய அம்மா ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

ஓர் ஆடி மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, முக்கொம்பு அணையில், மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டி, மதகுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி அம்மா தனியாக நிற்பதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறதாம். விழுந்தடித்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் போய் பஸ் பிடித்தோம். அப்பா முன் இருக்கையில், அண்ணன் கடைசி இருக்கையில். அந்தப் பயத்திலும் ஒழுங்கு மாறவில்லை. நான் நடுவில் நின்று தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன்.

அம்மா குதிக்கவில்லை. மதகில் விழும் தண்ணீரைப் பார்த்து விரல் நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். இரைச்சலில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. பின்னால் திருமண் இட்ட ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் குடையோடு காத்திருந்தார். நாங்களும் திட்ட வந்தவர்கள் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். அம்மா மூச்சு வாங்க நிறுத்தியதும் உரக்கக் கேட்டார்.

“ஆச்சாம்மா? எனக்கு மாட்டுப்பொண்ணு விஷயம் இன்னும் பாதி இருக்கு.”

அம்மா திரும்பி எங்களைப் பார்த்தாள். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

“என் பாவத்தைச் சொல்ல கோயில்ல ஃபாதர் இருக்காரு. உங்க பாவத்தையெல்லாம் நான் எங்க போய்ச் சொல்றது?”

அண்ணன் வீட்டைப் பூட்டினானா என்று கேட்கச் சொல்லி அப்பா வழக்கம்போல அம்மாவிடம் கத்தினார். அம்மா காதைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்குக் கேக்கலங்க. நேரா அவன்கிட்ட கேளுங்க.”

அப்பா தயங்கித் தயங்கி அண்ணன் பக்கம் திரும்பினார். “வீட்டப் பூட்டுனியாடா?”

“நீங்க பூட்டலையாப்பா?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. நானும் பூட்டவில்லை. திரும்பி வந்தபோது எதிர்வீட்டுப் பூனை மேசை மேலேறிக் குழம்பை முடித்திருந்தது. அப்பாவும் அண்ணனும் ஒன்றாகச் சேர்ந்து அதை விரட்டினார்கள்.

அதற்குப் பிறகும் அம்மா முக்கொம்புக்குப் போவதை நிறுத்தவில்லை. அதுதான் பேசிக்கொள்கிறார்களே என்றேன். அதனால்தான் போகிறேன் என்றாள்.

இப்போது அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. அண்ணனும் நானும் ஃபோனில் சண்டை வந்தால் பேசாமல் வைத்துவிடுகிறோம். அன்றைக்கு அம்மா நம்மை என்னதான் சொல்லித் திட்டினாள் என்று ஒருமுறை அவனிடம் கேட்டேன். அவனுக்கும் கேட்கவில்லையாம். அவள் இருந்தபோதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை. இந்த வயதில் திருந்திவிடலாம் என்றுதான் இருக்கிறேன். எதில் என்று சொல்ல ஆளில்லை.