கழுவி வைத்த சீசாக்கள்

எங்கள் சித்தூர் வீட்டுக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் ஒரு கிறிஸ்துமஸுக்குக் கடல் எங்கள் வீட்டுக்கு வந்தது, மாமாவின் மரப்பெட்டிக்குள்.

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு நெல்லூர்ப் பக்கக் கடற்கரையில் வேலை. துறைமுகம் கட்டவிருந்த இடத்தில் கடலடியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்கப் போனவர்களில் அவரும் ஒருவர். பெட்டியைத் திறந்து காட்டினார். அகலவாய் சீசாக்களில் கறுத்த சேறு, மேலே கெடாமலிருக்க மருந்துத் தண்ணீர், உள்ளே புல்லும் பொடிப் புழுக்களும். சங்கும் முத்தும் எதிர்பார்த்திருந்த எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

“இந்தப் புல்லுலதான் எறா குஞ்சு வளருது. மெட்ராஸ் ஆபீஸ்ல இத்தக் காட்டுனா, துறைமுகத்தக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவாங்க” என்றார்.

அம்மாவுக்கோ நாற்றம் தாங்கவில்லை. அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் மாமா சர்ச்சில் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தபோது, அத்தனை சீசாக்களையும் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் வரிசையாகக் காயவைத்தாள்.

“இன்னாக்கா பண்ண?” திரும்பி வந்த மாமா காலி சீசா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“நாறிக்கினு இருந்துச்சுடா. நல்ல சீசாவாச்சேன்னு கழுவி வெச்சேன். ஏன், தப்பா?”

மாமா மரத்தடியைப் பார்த்தார். தண்ணீரோடு எல்லாம் சாக்கடைக்குப் போயிருந்தது. அம்மாவின் முகம் சுருங்கியதும் சட்டென்று சிரித்தார். “சேறுதானேக்கா! சமுத்திரத்துல சேத்துக்கா பஞ்சம்? அள்ளிக்கினு வந்துர்றேன்.”

உடனே சீசாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ரயில் பிடிக்க ரேணிகுண்டாவுக்கு பஸ் ஏறிவிட்டார். அவர் இல்லாத கிறிஸ்துமஸ் எங்களுக்கு ருசிக்கவே இல்லை. அடுத்து வந்த பருவத்தில் முருங்கையும் காய்க்கவில்லை. அதற்கும் அம்மா மாமாவின் சேற்றைத்தான் திட்டினாள்.

புது வருஷம் பிறந்த பிறகு மாமா வந்தார். அதே சீசாக்கள், பளபளவென்று.

“வேற சேறு கெடச்சிதாடா?”

“தாராளமா. இதுல ஊறுகா போட்டுக்கோக்கா.”

அம்மா தெருவுக்கே எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள், தம்பியின் பெருமையையும் சேர்த்து.

வெகு வருஷம் கழித்து, அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் மாமா என்னிடம் வாய் திறந்தார். அன்று அவர் சேறு அள்ளத் திரும்பிப் போனபோது மண்வாரிக் கப்பல் வந்துவிட்டதாம். புல் இருந்த இடம் குழியாகிக் கிடந்ததாம். “மொதல்லயே சேத்த எடுத்துக்கினு நேரா மெட்ராஸுக்குப் போயிருக்கணும். அக்கா கையால துன்னணும்னு இங்க வந்தேன், என் தப்புதான்” என்றார்.

அந்தப் புது வருஷத்தில் நான் ஊறுகாயை நக்கிக்கொண்டு அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தேன். சேறு கிடைத்திருந்தால் சீசா ஏன் காலியாக வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.