சேற்றில் எடுத்த படம்

ஞானாம்பாளுக்கு யாரையாவது பிடிக்காமல் போனால் அதை மறைக்கத் தெரியாது. கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டுச் சாம்பார் ஊசிப்போனது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவள். அவளை ஏமாற்றலாம் என்று தெய்வசிகாமணிக்கு எப்படித் தோன்றியதோ, அது அவருக்கே வெளிச்சம்.

நான் ஆண்டாள், பக்கத்து வீடு. மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருகிறேன். உப்பளத்துக்கு மேற்கே, வானூர்க்காரர் தெய்வசிகாமணியின் ரெண்டு ஏக்கரில் பதினோரு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவள் ஞானாம்பாள். பத்திரம் கித்திரம் கிடையாது. அறுவடைக்கு அறுவடை அவர் வீட்டுக்கு மூட்டை போய்விடும். எங்கள் பக்கம் குத்தகை எல்லாமே வாய்ப்பேச்சுதான்.

நவம்பர் புயலில் கால்வாய்க் கரை உடைந்து உப்புத்தண்ணீர் வயலில் ஏறியது. கதிர் விட்ட நெல் நாலே நாளில் அழுகிவிட்டது. நிவாரணக் கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் பிரியதர்ஷினி, அழுகிய பயிரோடு விவசாயி வயலில் நிற்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்றார். தெய்வசிகாமணியும் காரில் வந்திருந்தார். வெள்ளை வேட்டி. முழங்கால் சேற்றைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்மா ஞானாம்பா, நீ எறங்கி நில்லு. எல்லாம் ஒண்ணுதானே.”

அவளும் இறங்கி, ஒரு கைப்பிடி பயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொங்கல் கழித்து நிவாரணம் வந்தது, அவர் அக்கவுண்டுக்கு. சொந்த சாகுபடி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் அந்த மனுஷன்! விதைக்கும் உழவுக்கும் தோட்டை அடகு வைத்தவள் இவள். கேட்கப் போனதற்கு, “பட்டா யார் பேருல இருக்குது? கவர்மெண்ட் எனக்குக் குடுத்தா உனக்கு ஏன் எரியுது?” என்றாராம்.

திரும்பி வந்தவள் அழவில்லை. “இவன விடமாட்டேன் ஆண்டாளு. பணம் கெடக்குது. பயிர் வச்சவ நான்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு.”

நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றினேன்.

ஜூன் மாதம் ஜமாபந்தி. ஊர்க் கணக்கையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரி நேரில் மனு வாங்குகிற நாள். ஞானாம்பாள் மனுவை நீட்டி, “சார், நிவாரணத்துக்கு எடுத்த போட்டோவப் பாருங்க. அதுல நிக்கிறது யாருங்க?” என்றாள். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வியாழக்கிழமை வயலில் விசாரணை என்று எழுதினார்.

புதன்கிழமை மத்தியானமே தெய்வசிகாமணி கையில் பணக்கவரோடு வயலுக்கு ஓடி வந்தார். மண்ணில் ஏறிய உப்புப் போவதற்காக நானும் அவளும் வயலில் தண்ணீர் கட்டி வைத்திருந்தோம்.

“மனுவ வாபஸ் வாங்கிடும்மா. பாதி தர்றேன்.”

அவள் மண்வெட்டியால் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டே இருந்தாள்.

“சரி, முழுசா தர்றேன்.”

“மொதல்ல எறங்குங்க. அன்னிக்கு நான் நின்ன எடத்துல வந்து நில்லுங்க.”

முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. அவள் சொல்லி வைத்திருந்தபடி நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

“இங்க பயிர் வச்சது யாருங்க?”

“நீதாம்மா.”

“காதுல விழல.”

“நீதான் வச்ச! பதினோரு வருஷமா நீதான்! போதுமா?”

எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

“அப்ப மனு?” என்று கவரை நீட்டினார்.

“மனு அங்கயேதான் இருக்கும். கவர நீயே வச்சுக்கோ, கவர்மெண்டுக்குத் திருப்பிக் கட்ட வேணாமா?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “ஆண்டாளு, வீடியோ சரியா வந்துச்சா?”

வந்திருந்தது. நாளைக்கு அதிகாரி பார்ப்பார்.

தெய்வசிகாமணி சேற்றுக்குள் கையை விட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.