முனியாண்டி மரத்தில் ஏறிய கொடி

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா வேலியில் ஊதாப் பூக்கொடி ஒன்று படர்ந்திருந்தது. துரையம்மா எந்தச் சீமையிலிருந்தோ வரவழைத்து அழகுக்கு நட்டது. புல் வெட்டும் பெண்கள் கும்பலில் இருந்த என்னை வேலியைக் கத்தரிக்க அனுப்பினார்கள். வெட்டிய கொடியை மூட்டையாகக் கட்டி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் காட்டோரம் கொட்டினேன். காய்ந்துபோகும் என்று நினைத்தேன். எனக்கென்ன தெரியும்?

பக்கத்தில்தான் முனியாண்டி மரம். இந்த நாட்டுக் காட்டு மரம், தமிழில் பேர் கிடையாது. குல்லா போட்ட கொட்டைகள் உதிரும், அணில்கள் அடித்துக்கொள்ளும். அதன் அடியில் சூலம் நட்டு முனியாண்டியைக் கும்பிட்டோம். என் பிள்ளைக்கு முதல் முடி இறக்கியதும் அங்கேதான்.

சாமி மரத்தில் கத்தி படக்கூடாது என்பது கட்டு. கொடிக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. கணுவுக்குக் கணு வேர்விட்டு, இரண்டு வருஷத்தில் உச்சியைப் பிடித்துவிட்டது. கீழே இருந்த பெரணியெல்லாம் வெளிச்சம் இல்லாமல் அழுகியது. லயத்துப் பெண்களோ தினமும் காலையில் அந்தப் பூவைப் பறித்துச் சாமிக்குப் போட்டார்கள். சாமியே கொடுத்த பூவாம்!

பூசை போடுகிறவர் எங்கள் கங்காணி. அவரிடமே போய்ச் சொன்னேன்.

"மாமா, இது சாமி குடுத்தது இல்ல. துரை பங்களாவுல நான் வெட்டிக் கொட்டுனது. மரம் சாவுது, அறுத்துடலாம்."

"வாய மூடு. அதுல கத்தி வெச்சா லயமே நாசமாப் போயிடும் லா."

இந்த ஜனங்களிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். உச்சிக் கிளைகள் பட்டுப்போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க, கவாத்துக் கத்தியோடு போய்க் கொடியை அடியில் அறுத்தேன். ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. நாலு நாளில் கொடி வாடித் தொங்கியது. உள்ளே மரத்தில் ஒரு பச்சை இலைகூட இல்லை.

அடுத்த மழைக்கு மரம் சாய்ந்தது. அதற்குள் கொடி வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, விழுந்த கட்டையையும் மூடிக்கொண்டது. அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரத்தைக் கொன்றவள் என்று என்னைத்தான் கைகாட்டினார்கள்.

ஒருநாள் காலையில் கங்காணியின் வீட்டுக்காரி என் வாசலில் வந்து நின்று, இனி பூசைக்கு நானும் என் பிள்ளையும் வரக்கூடாது என்று சொன்னாள். அவள் கையில் சாமிக்குக் கொண்டுபோகும் தாம்பாளம். அது நிறைய அந்த ஊதாப் பூ.