அம்மா ஊட்டிய முட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு கால்களும் நகர மறுத்தன. மூளையில் உடம்பை அசையவைக்கும் டோபமின் என்ற சுரப்பு குறைந்துவிட்டதென்று ஈப்போ நகரத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். வெறும் வயிற்றில் மருந்தா என்று, அம்மா தினமும் இரண்டு அரைவேக்காட்டு முட்டைகளை ஊட்டிவிட்டுத்தான் அதைக் கொடுப்பார். அப்பா மரக்கட்டையாகவே கிடந்தார். அம்மா முட்டையை மூன்றாக்கினார்.

அடுத்த முறை போனபோது அம்மா முட்டை ஊட்டுவதைச் சொன்னதும்தான், முட்டையின் புரதச்சத்து மருந்தை மூளைக்குப் போகவிடாமல் மறிக்கும் என்று டாக்டர் சொன்னார்.

“மனுசனுக்குத் தெம்பு வரட்டும்னுதானே குடுத்தேன், டாக்டர்” என்றார் அம்மா.

மறுநாள் காலை மாத்திரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்தார். சற்று நேரத்தில் அப்பா தானாக எழுந்து நடந்துபோய்க் கோழிகளுக்குத் தீனி போட்டார். அதைக் காட்ட அம்மாவைக் கூப்பிடப் போனேன். அடுப்படியில் முட்டைக் கூடையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.