மூச்சில் ஏறிய எண்

மாவக்கா எடுத்த எடுப்பில் எதையும் நம்பிவிடுகிற ஆளில்லை. மூட்டையில் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தாலும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் அறைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெரிய மிஷின் சுற்றும் சத்தத்தை வைத்தே தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். நிஜப் பெயர் சம்பளப் பிரிவுக்காரருக்கு மட்டும் தெரியும்.

மாவுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதும் பரிசோதனை நடக்கும். குழாயை வாயில் வைத்துப் பத்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயு எவ்வளவு இருக்கிறது என்று திரையில் ஓர் எண் வரும். மூச்சுக்குழாய் உள்ளே புண்பட்டிருந்தால் எண் ஏறும். போன தடவை அவளுக்கு இருபத்தொன்று. இந்தத் தடவை முப்பத்தெட்டு.

“மிஷின் சரியா இருக்கா?” என்றாள்.

“உங்களுக்கு முன்னாடி பத்து பேர் ஊதிட்டாங்க. இருமல் ஏதும் இருக்கா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“இல்ல” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இருமிவிட்டாள். இரண்டு மாதமாகவே அந்த வறட்டு இருமல் விடாமல் தொண்டையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணும் இல்ல.”

அது பொய். வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் பிரஷர் என்று சொல்லி தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிரஷர் என்று தெரிந்தால் மாவுத் தொட்டிக்கு மேலே ஏணியில் ஏற விடமாட்டார்கள் என்ற பயத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் நீங்க பேக்கிங்ல இருங்க. மிஷின அடுப்புக்காரம்மா பாத்துக்கட்டும்” என்றாள் நர்ஸ்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மாவக்காவின் புத்தி கிடுகிடுவென்று வேலை செய்தது. அடுப்புப் பக்கம் வேலை பார்க்கிறவள் போன மாதம்தான், “அக்கா, உங்க மிஷின எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்” என்று கேட்டிருந்தாள். இருமலைப் பற்றி நர்ஸிடம் வத்தி வைத்தது வேறு யாராக இருக்கும்? மறுநாள் அவள் ஒரு காகிதத்தோடு நர்ஸின் அறைக்குள் போனதையும் மாவக்கா கண்ணால் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “நேராவே சொல்லியிருக்கலாமே, என் எடம் வேணும்னு. எதுக்குப் பின்னாடி போற?”

அடுப்புக்காரி பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். குட்டு உடைந்ததால்தான் ஓடுகிறாள் என்று மாவக்கா நினைத்துக்கொண்டாள்.

பேக்கிங் பிரிவில் மாவு வாடையே கிடையாது. ஆனால் இரண்டு வாரம் ஆகியும் இருமல் நிற்கவில்லை. அட்டைப் பெட்டியின் பசையைச் சந்தேகப்பட்டாள். வீட்டில் சோப்பை மாற்றினாள். கணவரின் தலை எண்ணெயைத் தூக்கி வெளியே வைத்தாள்.

“ஏங்க, எனக்கு இந்த இருமல் என்னிக்கு ஆரம்பிச்சுது?”

“என்னைக் கேட்டா? கிளினிக் போயிட்டு வந்தியே, அதுக்கு அடுத்த வாரம். அன்னிலேருந்து நான் எங்க தூங்கறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து நாளை எண்ணினாள். உலகத்தையே சந்தேகப்பட்டவள் அந்த மாத்திரை அட்டையை மட்டும் விட்டிருந்தாள்.

கம்பெனி டாக்டர் வந்த அன்று அந்த அட்டையை அவர் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் திருப்பிப் பார்த்தார். “இதை ஏம்மா முதல்லயே சொல்லல? இந்த வகை மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமல் கொண்டுவரும். மூச்சுல அந்த வாயுவயும் கொஞ்சம் ஏத்திவிடலாம்னு சில ஆராய்ச்சில பாத்திருக்காங்க. ஆனா இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். மாவும் காரணமா இருக்கலாம்.”

“பிரஷர்னா ஏணி ஏற விடமாட்டீங்கன்னுதான் சொல்லல. ஆமா, நீங்க கம்பெனி டாக்டர். எனக்குச் சாதகமா ஏன் சொல்றீங்க?”

அவர் சிரித்துவிட்டார். “பிரஷர் இருந்தா ஏணி ஏறக்கூடாதுன்னு யார் சொன்னா? தலை சுத்தினாத்தான் கூடாது. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. கிளினிக்குக்குக் கடிதம் தரேன், வேற வகை மாத்தித் தருவாங்க.”

மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. ஏழாவது வாரம் ஊதினாள். இருபத்துநான்கு. முகமூடி போட வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி ஊத வேண்டும் என்ற நிபந்தனையோடு பழைய அறைக்கே அனுப்பினார் டாக்டர்.

எண்ணைக் குறித்துக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: “அடுப்புக்காரம்மாவுக்கு இப்பத்தான் நிம்மதி. மறுநாளே எழுதிக் குடுத்துட்டாங்க, இது அக்காவோட எடம், எனக்கு நிரந்தரமா வேண்டாம், அவங்க வந்ததும் திருப்பிக் குடுத்துடணும்னு.”

மாவக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருவேளை நர்ஸ் சமாதானத்துக்காகச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் மனசில் சந்தேகம் ஓடியது. “அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள். நர்ஸ் காட்டினாள். கோணல்மாணலான கையெழுத்தில் அப்படியேதான் இருந்தது.

அடுப்புக்காரி தன் பழைய இடத்துக்குத் திரும்பியதும் மாவக்கா நேராக அடுப்புப் பக்கம் போனாள். எல்லோர் முன்னாலும் கேட்டதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றியதால், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: “தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. நான் சாப்பிட்ட மாத்திரைய மறைச்சுட்டு உன்னைக் குத்தம் சொல்லிட்டேன்.”

அடுப்புக்காரி தட்டை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்லக்கா. ஆனா நான் கேட்டது உங்க வேலைய இல்ல. இந்தச் சூட்டுலேருந்து வாரத்துல ஒரு நாளாவது தள்ளி நிக்கலாம்னுதான்.”

மறுநாள் மாவக்கா சூப்பர்வைசரிடம் பேசி, செவ்வாய்க்கிழமைகளில் அவளைத் தன் அறைக்கு வரவழைத்தாள். மிஷின் சத்தத்தைக் கேட்டுத் தண்ணீர் அளவைச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள். அடுப்புக்காரியும் கற்றுக்கொள்கிறாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இன்னும் வேறு பெஞ்சில்தான் உட்காருகிறாள்.