அக்காவின் போனில் தோன்றிய கலியாணச் செயலி

போன மாசி மாதம் கலியாணம் பேசும் செயலி ஒன்றை என் போனில் இறக்கினேன். நாற்பத்தொன்பது வயதில் அதை இறக்க எனக்கு ஒன்றரை மாதம் எடுத்தது. விரல் கிட்டப் போகும், திரும்பி வரும். கடைசியில் ஒரு காலை, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கையில் ஈரம் காயமுன் அழுத்திவிட்டேன்.

அன்று பின்னேரம், கனடாவில் விடிந்த நேரம், அதே செயலி அங்கே இருக்கும் என் அக்காவின் போனிலும் தானாக வந்து குந்தியிருந்தது.

நான் பாவிப்பது அக்காவின் பழைய போன். அவ புதிது வாங்கியபோது, கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டா. எங்கள் ஊர்களுக்குப் போன் அப்படித்தான் வரும், சொக்கிலேற்றுகளுக்கு நடுவில் ஒரு துவாயில் சுற்றி. அனுப்புகிறவரும் உள்ளே இருக்கும் தன் கணக்கை எடுப்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. கொடுத்த பொருளில் குறை சொன்னது போலாகிவிடுமே. ஆகவே நான் இங்கே வேலணையில் எதை இறக்கினாலும் அது அக்காவின் கணக்கில்தான் இறங்கியது. எனக்கு இது அன்றுவரை தெரியாது.

முதலில் கண்டவர் அத்தான். குசினி மேசையில் கிடந்த போனைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டாராம்: "இஞ்சேரும், என்னை மாத்தப் போறீரோ? மாப்பிளை பாக்கிற அப் எல்லாம் இறக்கி வைச்சிருக்கிறீர்!"

இருவரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு அது யாருடைய வேலை என்று அத்தானுக்கும் விளங்கியதும், குடும்பக் குழுவில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். லண்டனிலும் பாரிசிலும் இருந்து சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. அத்தான் குரல் செய்தி அனுப்பினார்: "ஓய் மாப்பிளை, நீர் சரியான கள்ளன்! வேட்டி அனுப்பட்டோ, கோட் அனுப்பட்டோ?"

சனத்துக்கு முன்னால் நிமிர்ந்து பேசாத ஆள் நான். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் வெட்டப் போனேன்.

அடுத்த நாள் அக்கா எடுத்தா.

"தம்பி, உனக்கென்ன விசரே? இந்த வயசிலை ஆரடா உன்னைக் கட்டுறது?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீ கட்டிக்கொண்டு பெட்டையின்ர வீட்டோடை போனியெண்டா உந்த வீட்டை ஆர் பாக்கிறது? நாங்கள் வயசு போய் வந்து இருக்கவெண்டு கட்டின வீடு. உதை அழிச்சுப்போடு."

அவவின் வீட்டின் பின்னறையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். முன்னறைகளைக் கூட்டிப் பூட்டுகிறேன், கிணறு இறைக்கிறேன், கறையான் பார்க்கிறேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அடுத்து அவ சொன்னது வேறு.

"நாலு வருஷமா நீ இறக்கினதெல்லாம் எனக்கு வந்ததுதானே. இங்கிலீசு எழுத்துப் பழகினது, பாட்டுப் பாடினது, எல்லாம் கண்டனான். பாவமெண்டு பேசாமல் இருந்தனான்."

பாவம் என்ற அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் அன்று செயலியை அழித்தேன். இரண்டு நாளில் திரும்பவும் எடுத்தா.

"இறக்கினதுகளின்ர பட்டியலெண்டு ஒண்டு இருக்காம் தம்பி. அதிலை உது இன்னும் கிடக்குதாம், அத்தான் பாத்திட்டுச் சொல்லுறார். ஆரும் பாத்தா வெக்கக்கேடு. அதிலையும் இருந்து எடு."

பஸ் பிடித்து ஊர்காவற்றுறைக்குப் போனேன். இறங்குதுறைக்குப் போகிற வழியில் போன் திருத்தும் கடை ஒன்று. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி நடத்துகிறாள். காரைநகர்ப் படகுக்குக் காத்திருந்த ஒருவர் கதிரையில் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் போனை வாங்கி இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள்.

"இந்தா, இதுதான் அண்ணை. இறக்கிப்போட்டு அழிச்சதெல்லாம் இதுக்குள்ளை கிடக்குது." சத்தமாகவே வாசித்தாள். "பஞ்சாங்கம், மழை பாக்கிறது, சிங்களம் பழகிறது, ஏபிசிடி, பாட்டு, மாட்டு வைத்தியம், கலியாணம்..."

"மாட்டுக்குப் பிறகுதான் கலியாணமோ?" என்றார் கதிரையில் இருந்தவர். "ஒழுங்கு சரிதான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "இதைத் துப்புரவா அழிக்கேலாது அண்ணை. இடப்பக்கம் இழுத்தா மறைக்கிறதுக்குக் கேக்கும். மறைக்கட்டோ?"

அவளுடைய விரல் அந்தப் பெயரின் மேல் நின்றது.

நான் பட்டியலைப் பார்த்தேன். தென்பகுதியில் இருந்த அப்பாவின் கடை கலவரத்தில் போனபோது ஐந்தாம் வகுப்போடு என் படிப்பும் போனது. பூச்சிமருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை நானே வாசிக்கத் தொடங்கியது இந்தப் பட்டியலில் இருந்த ஏபிசிடியால். வெங்காயம் வாங்க வருகிற சிங்கள வியாபாரியோடு விலை பேசுவது சிங்களம் பழகியதால். பாட்டு மட்டும் சரிவரவில்லை, மூன்று நாள் பனங்காணிக்குள் நின்று பாடிப்பார்த்துவிட்டு நானாகவே விட்டேன். இதில் எது களவு? எதை நான் மறைக்கவேண்டும்?

"வேண்டாம்," என்றேன். கொஞ்சம் பலமாக வந்துவிட்டது. கதிரையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டவள், போனைத் திரும்பப் பார்த்தாள். "இது உங்கட பேரில்லையே. ஆற்றை கணக்கு?"

"அக்காவின்ர."

"அதுதானே! உங்கட பேரிலை ஒண்டு திறவுங்கோவன் அண்ணை."

"எனக்கோ?"

"பின்னை, எனக்கே?"

பெயரை ஆங்கில எழுத்தில் கேட்டது. அவள் அடிக்கப் போனாள். நான் போனை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக நானே அடித்தேன். நேரம் பிடித்தது, ஆனால் பிழை விடவில்லை. அக்காவின் கணக்கு வெளியே போனது, என்னுடையது உள்ளே வந்தது. இறக்கினவற்றின் பட்டியல் வெறுமையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் முன்னால் கலியாணச் செயலியைத் திரும்ப இறக்கினேன்.

விபரம் நிரப்ப அவள் உதவினாள். "படிப்புக்கு ஓ.எல். சோதினை பாசெண்டு போடட்டோ அண்ணை? எல்லாரும் கூட்டித்தான் போடுறவை."

"அஞ்சாம் வகுப்பெண்டு போடுங்கோ."

"வீடு? சொந்தமெண்டு..."

"இல்லையெண்டு போடுங்கோ."

படகு கூப்பிட்டது. எழும்பிய மனிதர், "பொம்பிளையைக் கண்டிட்டுப் போவமெண்டா விடுறாங்களில்லை," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு அக்கா எடுத்தா. "தம்பி, பட்டியல் அப்பிடியே கிடக்குது. நீ ஒண்டும் செய்யேல்லையே?"

"அது உங்கட கணக்கு அக்கா. நான் இப்ப என்ர பேரிலை வைச்சிருக்கிறன்."

"அப்ப அந்தக் கலியாண அப்?"

"என்ரயிலை திரும்ப இறக்கியிருக்கிறன்."

"வீடு?" என்றா.

"இவ்வளவு காலமும் பாத்தனான், இனியும் பாப்பன். கட்டினா ரெண்டு பேராப் பாப்பம். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா வீட்டுத் திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு சொல்லுங்கோ, குடுத்திட்டுப் போறன்."

சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை.

"திறப்பு உன்னட்டையே இருக்கட்டும்," என்றா கடைசியில். பிறகு மெதுவாக, "என்ர பட்டியலிலை உந்த அப்பை மறைக்கலாமெண்டு சொல்லினம். எப்பிடியெண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியும் அக்கா," என்றேன். "ஆனா சொல்லமாட்டன்."