ஜூலை மாதத்து நத்தை

திருத்தங்கலில் இருக்கும் என் பிரஸ்ஸின் முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் பவளத்தைப் பற்றி வகுப்பெடுப்பேன். அந்தப் பவளமே வாட ஆரம்பித்ததும், சாத்தூரில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் ஒருவரை வரவழைத்தேன்.

ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு இடுக்கியும் இருந்தது. வந்ததும் சுண்டுவிரலைத் தொட்டியில் நனைத்து, நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார். பிறகுதான் பேச்சு.

"தொட்டியில கிடந்த நண்டு வேலைதான். பிடிச்சு வாளியில போட்டுட்டேன்" என்றேன்.

"நண்டு பாவம், அண்ணாச்சி. இந்தக் கட்டம் போட்ட நத்தை எப்ப வந்துச்சு?"

"பவளத்தோட ஒட்டிக்கிட்டு வந்தது. எம்புட்டு அழகு பாருங்க. பவளத்தை விட்டு நகராம காவல் இருக்கு."

"காவல் இல்ல. உறிஞ்சிக்கிட்டு இருக்கு. ஒட்டுண்ணி அது."

இடுக்கியால் நத்தையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். எங்கள் பிரஸ் காலண்டரில், ஜூலை மாதத்துக்கு அதே நத்தை முக்கால் பக்கம் உட்கார்ந்திருந்தது. படம் நான் எடுத்தது. அவர் சிரிக்கவில்லை.

"இதுல ஒண்ணு எனக்குக் குடுப்பீகளா?"

அப்போதும் என் படத்துக்கு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று நினைத்து, இரண்டாகக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அவர் கடைக்குப் போனபோது, சுவரில் அந்த ஜூலைத் தாள் மட்டும் தொங்கியது. நத்தைக்குக் கீழே, "இதைக் கண்டால் உடனே எடுத்துவிடவும்" என்று பேனாவால் எழுதியிருந்தார்.

என் பிரஸ் காலண்டர்களில் வருஷம் முடிந்தும் சுவரை விட்டு இறங்காதது, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.